ஜெபம் வறண்டுபோன நாட்களில் இதை யாராவது சொல்லியிருந்தால்

ஜெபம் ஒருநாள் வறண்டுபோகலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஞாயிறு பள்ளியில் சொல்லவில்லை, வாலிபர் கூட்டங்களில் சொல்லவில்லை, ஆராதனை நடத்தப் பயிற்சி கொடுத்தபோதும் சொல்லவில்லை. ஜெபிக்காமல் விட்டால் விசுவாசம் குளிர்ந்துபோகும் என்று கேட்டிருக்கிறேன். ஒழுங்காக ஜெபித்துக்கொண்டிருப்பவருக்கே உள்ளே எல்லாம் காய்ந்துபோகும் என்பது எனக்குப் புதிது. அது வந்தபோது அதற்கு என்ன பெயர், யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வருடத்துக்கு மேல் தனியாகவே அதில் கிடந்தேன். தூக்கம் போனது. சேமிப்பில் பெரும்பகுதி போனது. சம்பளமில்லாத விடுப்பு எடுத்து எடுத்து வேலையிலும் பெயர் கெட்டது. இதே நிலையில் இப்போது யாராவது இருந்தால், நான் சுற்றிய சுற்றை அவர்களும் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கதையில் பெரிய சோகம் எதுவும் கிடையாது. சாவு இல்லை, கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. காரணம் என்று காட்ட ஒன்றுமே இல்லாததுதான் என்னை இன்னும் குழப்பியது. பல வருடங்களாகச் சபையில் ஆராதனை நடத்துகிறேன். காலையில் வேதம் வாசித்து ஜெபிக்காமல் வேலைக்குக் கிளம்பிய நாள் மிகக் குறைவு. அந்தக் காலை வேளை மெல்ல மெல்ல வெறுமையானது. ஒரு அதிகாரத்தை வாசிப்பேன். கடைசி வசனத்துக்கு வரும்போது முதல் வசனத்தில் என்ன இருந்தது என்று நினைவிருக்காது. கண்ணை மூடினால் சுவரோடு பேசுவதுபோல இருக்கும். "கர்த்தாவே" என்று தொடங்குவேன், அடுத்த வார்த்தை வராது. சரி, உடம்பு களைப்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று எழுந்துவிடுவேன். மறுநாளும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்பக் கஷ்டம். வேகமான பாடல்கள் முடிந்து ஆராதனை அடங்கி வரும் இடம் ஒன்று உண்டு. டிரம்ஸ் நின்றுவிடும். கீபோர்டில் ஒரே ஒரு கார்டு மட்டும் நீளமாக ஒலித்துக்கொண்டிருக்கும். நான் மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் வார்த்தை தானாக வரும். இப்போதோ கண்ணை மூடிக்கொண்டு, பல்லவியை இன்னொரு முறை எடுக்கலாமா, கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு எப்போது கை காட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். எதிரில் மக்கள் கண்ணீர் விட்டு அழுதுகொண்டிருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வயதான ஒரு அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஆண்டவர் உங்க மூலமா என்கிட்ட பேசினாரும்மா" என்பார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வாயிலிருந்து போன வார்த்தை அவருக்கு உயிர் கொடுக்கிறது, எனக்கு அதில் ஒரு சொட்டுகூட இல்லை. நான் வேஷம் போடுகிறேன் என்ற எண்ணம் அப்போதுதான் உள்ளே புகுந்தது. அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

இந்த நிலையில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: ஜெபத்தைக் கூட்டினேன். "சோர்வா இருக்கு" என்று மேலோட்டமாகச் சொன்னதற்கே எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி ஆலோசனைதான் வந்தது. உபவாசம் எடுங்கள், இரவு ஜெபத்தில் உட்காருங்கள், விடாமல் தட்டுங்கள். 2020-இல் ஆலயங்கள் மூடிக்கிடந்தபோது தொலைபேசியிலும் இணையத்திலும் தொடங்கிய ஜெபக்குழுக்கள் பல, கதவுகள் திறந்த பிறகும் நிற்கவில்லை. விடியற்காலையில் ஒரு குழு, மதியம் சங்கிலி ஜெபத்தில் என் முறை, நள்ளிரவில் இன்னொரு குழு என்று எல்லாவற்றிலும் சேர்ந்தேன். நள்ளிரவுக் குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மியூட்டை எடுக்கும் பொத்தானிலேயே விரலை வைத்தபடி அரைத்தூக்கத்தில் கிடப்பேன். "அடுத்து சிஸ்டர் ஜெபிப்பாங்க" என்ற குரல் கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்றே தெரியாமல் ஏதோ சொல்வேன். கலந்துகொள்ளாதவர்களின் பெயர்கள் காலையில் வாட்ஸ்அப்பில் வரும். அந்தப் பட்டியலில் என் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் என்னை அங்கே உட்கார வைத்தது. ஜெபிக்கும் ஆசை அல்ல. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம் என்ற நிலை வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரவில் எழுந்து ஜெபிக்கும் வழக்கம் சபையில் மிகப் பழமையானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காலங்காலமாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம் வரை அவர்கள் நன்றாகத் தூங்கி, உண்ட உணவு செரித்த பிறகே எழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதே ஒழுங்கின் 20-ஆம் அதிகாரத்தில், ஜெபம் குறுகியதாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும், கூட்டமாக ஜெபிக்கும்போது எப்போதுமே சுருக்கமாக இருக்கட்டும் என்கிறார். வாழ்க்கையையே ஜெபத்துக்குக் கொடுத்தவர்களுக்குச் சொன்னது அது. நாமோ பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்து, அவர்கள்கூடச் செய்யாததைச் செய்யப் பார்க்கிறோம். வறட்சியில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தூக்கக் கணக்கை. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கிவிட்டு, அதன் பிறகு உங்கள் ஆவிக்குரிய நிலையைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது பணம். வெளியூர்களில் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். பதிவுக் கட்டணம், பயணச் செலவு, தங்கும் செலவு, எடுத்த விடுப்புக்குப் போன சம்பளம் எல்லாம் சேர்ந்தது. ஒரு கூட்டத்தில், உள்ளே இருக்கும் தடை உடைய வேண்டுமானால் வலிக்கும் அளவுக்கு ஒரு விதைக் காணிக்கை போடுங்கள் என்றார்கள். அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் போட்டேன். வலித்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. வீட்டில் கேட்டபோது சரியான பதில் சொல்ல முடியாமல் மழுப்பியது இன்றைக்கும் உறுத்துகிறது. காணிக்கை கொடுப்பதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் மனம் கலங்கியிருக்கும் நேரத்தில், மேடையிலிருந்து ஒருவர் தொகை சொல்லித் தூண்டும்போது கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். வீட்டில் ஒருவரிடம் தொகையைச் சொல்லுங்கள். அப்புறமும் கொடுக்கத் தோன்றினால் கொடுக்கலாம். ஆண்டவர் அவசரப்படுத்துகிறார் என்று யாராவது சொன்னால், அவசரம் அந்த மேடைக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே சுற்றில்தான் ஒருவர் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "அறிக்கை செய்யாத பாவம் ஒன்று தடுக்கிறது, முன்னோர்களிடமிருந்து வந்த கட்டும் இருக்கிறது" என்றார். என்னைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. நான் அதை நம்பினேன். சிறுவயதிலிருந்து செய்ததையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். பள்ளியில் சொன்ன பொய், தங்கையிடம் பேசிய கடுஞ்சொல், யாரைப் பற்றியோ நினைத்த ஒரு நினைப்பு. ஒவ்வொன்றையும் அறிக்கை செய்து அடித்துவிட்டு, மறுநாள் காலையில் சரியாக அறிக்கை செய்தேனா என்ற சந்தேகத்தில் அதையே திரும்ப எழுதுவேன். இதைத்தான் மிக மோசமான காலம் என்பேன். பிறவிக் குருடனைப் பார்த்து, "யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீஷர்கள் கேட்டதற்கு இயேசு இரண்டும் இல்லை என்று சொன்னது யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எத்தனையோ முறை வாசித்த பகுதி. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

பிற்பாடு படித்தபோதுதான், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரும் 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் இதே நோயில் விழுந்தார் என்று தெரிந்தது. அறிக்கை செய்த பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கை செய்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று தோன்றும் அளவுக்குப் போயிருக்கிறார். விடுதலை கிடைக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் உபவாசமிருந்தார். அவருடைய பாவசங்கீர்த்தன குரு, உபவாசத்தை உடனே முடி என்று கட்டளையிட்டார், அவரும் முடித்தார். இதை வாசித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னிடம் "சாப்பிடு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் தோன்றியது. பழைய பாவங்களைப் பட்டியல் போடச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள். அப்படி எழுதியே தீர வேண்டும் என்று உங்களுக்குள்ளேயே ஒரு நெருக்குதல் இருந்தால், அதை ஒரு போதகரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரண்டு பேரிடமும்.

இந்தச் சமயத்தில் ஆராதனைக் குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிவிட்டேன். சபையையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவும் செய்திருந்தேன். கொடுப்பதற்குள் காய்ச்சல் வந்து படுத்ததால் கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. இஞ்ஞாசியார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய விதிகளில் ஒன்று, மனம் பாழடைந்து கிடக்கும் நேரத்தில் எந்த மாற்றமும் செய்யாதே, அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில் என்பது. ஓய்வு எடுக்கலாம், பொறுப்பைக் குறைத்துக் கேட்கலாம். சபையை மாற்றுவது, ஊழியத்தை முழுதாக விடுவது, வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது போன்ற பெரிய முடிவுகளை மட்டும் அந்தக் காலத்தில் எடுக்கக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களை மிரட்டும், அவமானப்படுத்தும், பணம் பறிக்கும் இடமாக இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

சத்தத்தில் கிடைக்காதது மௌனத்தில் கிடைக்குமோ என்று அப்புறம் தோன்றியது. மௌன ஜெபம் பற்றிய காணொளிகளைப் போனில் பார்த்தேன். எல்லோரும் அமைதியான முகத்தோடு பேசினார்கள். எங்கள் மரபில் இதெல்லாம் பழக்கமில்லை, இருந்தாலும் ஒரு தியான இல்லத்தில் ஒரு வாரத்துக்கு அறை எடுத்தேன். அங்கே தங்க இடம் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். வழிநடத்த யாரும் இல்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்கவும் எனக்குத் தெரியாது. முதல் நாள் காலை அறையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் கடிகார முள் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. ஜன்னலுக்குப் போனேன். யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்தேன். இரவில் நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, இங்கேயே செத்துவிடுவேன் என்று தோன்றியது. அடைத்து வைத்திருந்த எல்லாம் மௌனத்தில் ஒன்றாகக் கிளம்பி வந்தது. ஒரு வாரத்துக்குப் பணம் கட்டியிருந்தும் பாதியிலேயே பையைக் கட்டினேன்.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்திய பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். சூரியன் நகராததுபோல இருக்கும், ஒரு நாள் ஐம்பது மணி நேரம் நீளும், துறவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான், சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். இதற்கு நண்பகல் பேய் என்று பெயரும் வைத்திருந்தார்கள், சங்கீதம் 91-இல் மத்தியானத்தில் பாழாக்கும் ஒன்று என்று வருகிறதே, அதிலிருந்து எடுத்து. இவ்வளவு பேர் நடந்து பார்த்து எழுதிவைத்த பாதையில் நான் ஒரு குறிப்பும் கையில் இல்லாமல் போயிருக்கிறேன். மௌன ஜெபம் செய்ய விரும்புகிறவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், வீட்டிலேயே. ஒரு சங்கீத வரியையோ இயேசுவின் பெயரையோ பிடித்துக்கொள்ளுங்கள், மனம் ஓடினால் திட்டாமல் அதற்கே திரும்புங்கள். பல நாள் மௌனத்துக்குப் போவதென்றால், தினமும் உட்கார்ந்து பேச ஒரு ஆன்ம வழிகாட்டி இருப்பாரா என்று முன்பே கேளுங்கள். இல்லை என்றால் போகாதீர்கள். விடுப்பு எடுக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தே, அன்றாட வேலைகளுக்கு நடுவே, தினம் கொஞ்ச நேரம் ஒதுக்கி, நீண்ட காலத்துக்குப் பரப்பிச் செய்யும் முறையை இஞ்ஞாசியாரே சொல்லியிருக்கிறார். தூக்கமின்மை, பதற்றம், சமீபத்திய துக்கம் இருந்தால் நீண்ட மௌனம் இப்போதைக்கு வேண்டாம்.

பையோடு சாவியைக் கொடுக்கப் போனபோது அலுவலக அறையில் வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். ஏன் சீக்கிரம் கிளம்புகிறாய் என்று கேட்டார். அவ்வளவு காலம் யாரிடமும் சொல்லாததை அங்கே நின்றபடியே கொட்டிவிட்டேன். ஏதாவது வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ராத்திரி எத்தனை மணி நேரம்மா தூங்குறே?" என்று கேட்டார். அப்புறம், "சாப்பிடுறியா ஒழுங்கா? டாக்டரைப் பார்த்தியா?" அதன் பிறகுதான் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்தார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் வருகிறான், கண்டிக்கவில்லை, ஜெபி என்று சொல்லவில்லை. சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுத் தூங்குகிறான். இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். ஓரேப் மலையில் தேவனுடைய அந்த மெல்லிய சத்தத்தை அவன் கேட்பது இதற்கெல்லாம் பிறகுதான். "அந்த மலைக்கு நீ இன்னும் போகலைம்மா, இப்போ செடிக்குக் கீழே இருக்கே" என்றார் சிஸ்டர்.

மருத்துவரிடம் போனேன். மனச்சோர்வு இருக்கிறது என்றார், மருந்தும் ஆலோசனையும் தொடங்கினோம். விசுவாசி மனநல மருத்துவரிடம் போவதா என்ற வெட்கம் எனக்கு நிறைய இருந்தது, மறைக்கவில்லை. வறட்சியா, மனச்சோர்வா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும் சபைக்குப் புதிதல்ல. ஸ்பெயின் நாட்டுத் துறவியான சிலுவையின் புனித யோவான் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார். ஒன்று, தேவ காரியங்களில் இன்பம் இல்லாததோடு உலகக் காரியங்களிலும் இன்பம் இராது. இரண்டு, தேவனுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே, பின்வாங்கிப் போகிறோமே என்ற வேதனை உள்ளே ஓயாது. மூன்று, முன்பு மாதிரி கற்பனையையும் சிந்தனையையும் வைத்துத் தியானிக்க எவ்வளவு முயன்றாலும் முடியாது. முதல் அடையாளம் மட்டும் இருந்தால் அது உடல்நிலையாலோ மனச்சோர்வாலோ வந்ததாகவும் இருக்கலாம் என்று அவரே எச்சரிக்கிறார். இவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர் அல்ல. 1577-இல் சொந்த சபைத் துறவியரே அவரைப் பிடித்து தொலேதோ நகரில் இருட்டான ஒரு சின்ன அறையில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள். என் விஷயத்தில் இரண்டுமே இருந்தன. மருந்து தூக்கத்தையும் பசியையும் திருப்பிக் கொடுத்தது. ஜெபத்தில் பழைய இனிமையை அது கொடுக்கவில்லை. அது மருந்தின் வேலையும் அல்ல.

ஜெபத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோது சிஸ்டர் சொன்ன வழி எளிமையானது. சொந்தமாக ஜெபிக்காதே, கொஞ்ச நாள் மற்றவர்களோடு சேர்ந்து வாசி. மாலையில் சங்கீதங்களை வாசித்து ஜெபிக்கும் ஒரு சின்னக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமாக உட்கார்ந்து, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். வசனத்தின் நடுவில் எல்லோரும் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். எனக்கு அது புரியாமல் முதலில் நான் மட்டும் முந்திக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்தவர் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் சாட்சி கேட்கவில்லை. வாய் வராத நாளில் சும்மா இருந்தேன், மற்றவர்களின் குரலில் ஜெபம் நடந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சங்கீதம் 88 வந்தது. அது ஆறுதலோடு முடியாது. நண்பர்களெல்லாம் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை ஒரு கூட்டம் நிதானமாகச் சேர்ந்து சொல்கிறது என்பது எனக்குக் கொடுத்த நிம்மதியை எந்த எழுப்புதல் கூட்டமும் கொடுக்கவில்லை.

எழுதி வைத்த ஜெபம் செத்த ஜெபம் என்றுதான் நான் கேட்டு வளர்ந்தது. வீணான வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று மத்தேயு 6-இல் இயேசு சொன்னதைக் காட்டுவார்கள். ஆனால் கெத்செமனேயில் அவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு 26-இல் எழுதுகிறார். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதம். சொந்த வார்த்தை தேடும் நிலையில் இல்லாத நேரத்தில் அவரும் மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைத்தான் சொன்னார். எனக்கு இதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை. இப்படி ஒரு கூட்டம் பக்கத்தில் கிடைக்காவிட்டால், நண்பர் ஒருவரோடு போனிலேயே தினம் ஒரு சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

ஆராதனை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உள்ளே வறண்டிருக்கும்போது மேடையில் நிற்பது வேஷம் ஆகாது. அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டோடுதான் மற்றவர்களை ஜெபத்துக்கு நடத்தினார் என்பது அவர் மறைந்த பிறகு 2007-இல் வெளியான கடிதங்களில் தெரிந்தது. அவர் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது, அதை ஆன்ம வழிகாட்டிகளிடம் மறைக்காமல் எழுதியதை. இல்லாத உணர்ச்சியை வரவழைக்க வேண்டாம். குரல் நடுங்குவதுபோலக் காட்ட வேண்டாம். ஒரு சங்கீதத்தை நிதானமாக வாசித்துவிட்டு, அறிவித்து, ஒரு நிமிடம் மௌனமாக இருக்க விடுங்கள். நான் அப்படிச் செய்தபோது முதலில் சலசலப்பு இருந்தது, பிறகு மக்களே கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் முழுவதும் ஒரே ஆள் நடத்தாமல் முறை போட்டுக்கொள்ளுங்கள். இருதயம் நொறுங்கிப் பாடும் பாடல்களும் பட்டியலில் இருக்கட்டும்; எல்லாப் பாடலும் வெற்றிப் பாடலாக இருந்தால் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பவர் எதைப் பாடுவார்?

போதகரிடம் சொல்லப் பயமாக இருந்தால் நீளமாக விளக்க வேண்டாம். "ஐயா, கொஞ்ச காலமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை, தூக்கமும் இல்லை, இரண்டு மாதம் பொறுப்பிலிருந்து ஓய்வு வேண்டும், சபையை விட்டுப் போகவில்லை" என்று சொன்னேன். இவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது என்றார். இத்தனை வருடம் அவர் பிரசங்கம் கேட்டும் எனக்கு அது தெரியாது. ஜெபக்குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக விலகினேன். "உடல்நிலை காரணமாக விலகுகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று ஒரு வரி போதும். விலகியதற்காக வருகிற நீண்ட செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. எந்தக் குழுவில் தொடர்வது என்று முடிவு செய்ய எனக்கு உதவிய கேள்வி ஒன்றுதான்: ஒருநாள் நான் வராவிட்டால் அங்கே என்ன நடக்கும்? வராதவர் பெயரை எழுதும் இடத்தை விட்டேன். "ஏன் வரலை, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று ஒருவர் போன் செய்து கேட்கும் இடத்தில் இருந்துகொண்டேன்.

முன்பிருந்த அந்த இனிமை எனக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. காலையில் ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், பத்து நிமிடம் அமைதி, அவ்வளவுதான். சில நாள் ஏதோ ஒரு வரி உள்ளே போய் உட்காரும். பல நாள் ஒன்றும் இராது, எழுந்து வேலைக்குப் போவேன். அதற்காக இப்போது அழுவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை நடத்துகிறேன்.

உங்கள் பக்கத்தில் யாராவது "ஜெபிக்க முடியல" என்று சொன்னால், தயவுசெய்து காரணம் கண்டுபிடிக்காதீர்கள், வசனம் அனுப்பாதீர்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அப்படிச் சொல்வது நீங்களாக இருந்து, வாழவே வேண்டாம் என்ற நினைப்பும் கூட இருந்தால், அடுத்த ஜெபக்கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.